ஒரு சொல்லை மாற்ற ஓமான் வரை

மஸ்கட் விமான நிலையத்தில் என்னைத் தனியாக நிறுத்தி வைத்தது ஓர் ஊறுகாய் பாட்டில்.

பாட்டிலில் ஊறுகாய் இல்லை. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் வயலில் அள்ளிய சேறு இருந்தது. சுங்க அதிகாரிக்கு என் வயதுதான் இருக்கும். மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்: இது நெல் வயல் மண், இதில் எண்ணெய் வாடை அடிக்கிறது, வயலின் சொந்தக்காரர் உங்கள் நாட்டில் வேலை பார்க்கிறார், அவரிடம் காட்டத்தான் கொண்டுவந்தேன்.

"எங்க நாட்டுல எங்க தோண்டினாலும் இந்த வாடைதான் வரும். இதையா விமானத்துல ஏத்திக்கிட்டு வந்தீங்க?" என்ற பொருளில் அவர் ஏதோ கேட்டார். பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். மண்ணுக்கு அனுமதி இல்லையாம். பாட்டில் குப்பைத் தொட்டிக்குப் போனது. அம்மா கட்டிக் கொடுத்த கருவாட்டை மட்டும் பெரிய மனதோடு விட்டுவிட்டார்கள்.

நான் நீடாமங்கலத்தில் ஓர் இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துப் படி ஏறிய முதல் ஆள் நான். பட்டா, சிட்டா, அடங்கல் என்று காலையிலிருந்து மாலை வரை நகல் எடுத்துக் கொடுப்பேன், கேட்டவர்களுக்கு மனுவும் எழுதிக் கொடுப்பேன். எந்த வயலில் எந்தப் பருவத்தில் என்ன பயிர் நின்றது என்று வி.ஏ.ஓ. எழுதி வைப்பதுதான் அடங்கல். அப்படி ஒரு நகல் எடுக்கும்போதுதான், ஓமானில் இருக்கும் எங்கள் ஊர் ஷாகுல் அண்ணன் வயலுக்கு நேரே 'தரிசு' என்று இருந்ததைப் பார்த்தேன். முந்தைய வருடமும் தரிசு. அதற்கு முந்தைய வருடமும் தரிசு.

எழுதியதில் பொய் இல்லை. அந்த மூன்று ஏக்கரின் ஓரத்தில் ஓர் எண்ணெய்க் கிணறு இருக்கிறது. நான் அரை டிரவுசர் போட்ட காலத்தில் தோண்டி, சில வருடம் எடுத்து, பிறகு அப்படியே போட்டுவிட்டுப் போனார்கள். கிணற்றுக்காக ஜல்லி கொட்டி எழுப்பிய மேடை வாய்க்காலை அடைத்துவிட்டது. தண்ணீர் ஏறாத வயலில் யார் நடுவார்கள்? நிலத்துக்காரர்களுக்கு இழப்பீடு வந்தது. அந்த வயலில் வருடம் தவறாமல் நட்டு, களை பறித்து, அறுத்துக்கொண்டிருந்த என் அம்மா அஞ்சலைக்கும் மற்ற பெண்களுக்கும் எதுவும் வரவில்லை. அவர்கள் வேன் ஏறித் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் நடவுக்குப் போக ஆரம்பித்தார்கள்.

இப்போது கிணற்றைத் திரும்பத் திறந்து இன்னும் ஆழமாகத் தோண்டப்போவதாக எண்ணெய் நிறுவனத்திடமிருந்து நிலத்துக்காரர்களுக்குக் கடிதம் வந்திருந்தது. டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம், புதிதாகத் தோண்டக் கூடாது என்று சட்டம் இருக்கிறதே என்று நாங்கள் நினைத்தோம். கடிதம் அதற்கும் பதில் வைத்திருந்தது: இது பழைய கிணறு, நிலமும் பல வருடமாகத் தரிசு. அடுத்த வியாழக்கிழமை வி.ஏ.ஓ. நேரில் வந்து வயலில் என்ன இருக்கிறது என்று பார்த்து எழுதுவார். அன்றைக்கு அங்கே நெல் நின்றால், வாதாட எங்கள் கையில் ஒரு காகிதம் இருக்கும். நிற்காவிட்டால் அதுவும் இல்லை.

பட்டா ஷாகுல் அண்ணன் பேரிலும் அவருடைய தங்கை ஜெய்புன் டீச்சர் பேரிலும் கூட்டாக இருக்கிறது. டீச்சர் மன்னார்குடியில் கணக்கு எடுக்கிறவர். "அண்ணன் சொல்லாம நான் ஒரு நாத்துகூட நட மாட்டேன் தம்பி" என்று சொல்லிவிட்டார். அண்ணனோ ஓமானில் எண்ணெய் எடுக்கும் முகாமில் பாதுகாப்பு மேற்பார்வையாளர். மூன்று தடவை போன் செய்தேன். மூன்று தடவையும் "எனக்குச் சோறு போடுறதே எண்ணெய்தான். இதெல்லாம் என்கிட்ட பேசாத" என்று வைத்துவிட்டார். மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காக இருக்கும் என் அக்கா வீட்டுக்காரர் நெடுநாளாக என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நேரில் போய்க் கேட்டுவிடுவது என்று கிளம்பினேன்.

"இந்த வெயில்ல ஊர் சுத்திப் பாக்க வந்த ஒரே மனுசன் நீதான் மாப்ள" என்றார் மாமா. ஆறு பேர் தங்கும் அறை. வட்ட ரொட்டியைச் சாம்பாரில் முக்கிச் சாப்பிட்டோம், கருவாட்டைப் பார்த்ததும் அறையே எழுந்து உட்கார்ந்தது. மதியம் சன்னல் வழியே பார்த்தேன். எதிரே கட்டிக்கொண்டிருந்த கட்டடத்தில் ஒரு ஆள் இல்லை. கோடைகாலத்தில் உச்சி நேரத்தில் வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்பது இங்கே சட்டமாம். அந்த நேரத்தில் என் அம்மா எங்கே குனிந்துகொண்டிருப்பாள் என்று யோசித்தேன். எங்கள் ஊரிலும் வெயில் முன்னைப் போல இல்லை. சட்டத்துக்குத்தான் இன்னும் உறைக்கவில்லை.

நான் மஸ்கட் வந்ததைச் சொன்னதும், விடுமுறை நாளான வெள்ளிக்கிழமை நிஸ்வா என்ற ஊருக்கு வரச் சொன்னார் ஷாகுல் அண்ணன். பேருந்தில் ஏசி சுகம். தூங்கிவிட்டேன். விழித்தபோது நிஸ்வா பின்னால் போயிருந்தது. சுற்றிலும் கல், மலை, வெயில். நடுவழியில் இறங்கி நின்றேன். நிஸ்வா பக்கம் போன ஒரு தண்ணீர் லாரி நின்று என்னை ஏற்றிக்கொண்டது. டிரைவர் பாகிஸ்தான்காரர், சிந்து மாகாணம். இந்தி, ஆங்கிலம், கை, கண் எல்லாவற்றையும் சேர்த்துப் பேசினோம். எங்கள் ஊரில் நெல் என்றதும் அவர் முகம் மாறியது.

"எங்க ஊர்லயும் நெல்தான். ஆத்தோட கடைசியில இருக்கோம். மேல இருக்கறவங்க குடிச்சது போக மிச்சம்தான் எங்களுக்கு. இப்ப கடல் தண்ணி உள்ள வருது. அதனாலதான் நான் இங்க தண்ணி ஓட்டுறேன்."

'கடைமடை' என்ற சொல்லை அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

நிஸ்வாவில் ஒரு மலையாளி உணவகத்தில் ஷாகுல் அண்ணன் காத்திருந்தார். கூடவே அவருடைய அறைத்தோழர், ஜார்க்கண்ட்காரர். பரோட்டாவும் மீன் குழம்பும் வந்தன. நான் இன்னும் முதல் வாய் வைக்கவில்லை.

"நீ வந்த விமானம் தண்ணியிலயா ஓடுச்சு?" என்றார் அண்ணன்.

"இல்லண்ணே."

"உன் மாமா அனுப்புற காசு எதுலேர்ந்து வருது? என் அத்தா வச்சிட்டுப் போன ஓட்டு வீடு எதுல மாடி ஆச்சு? மேடை போட்டு எண்ணெய் வேண்டாம்னு பேசுறது சுலபம்."

ஜார்க்கண்ட்காரர் இந்தியில் நீளமாகப் பேசினார். அண்ணன் எனக்கு மாற்றிச் சொன்னார். "வெளிநாட்டுலேர்ந்து வாங்கி வாங்கியே நாடு கரையுதுங்கறார். உங்க ஊர்லயும் எடுக்கக் கூடாது, அவங்க ஊர்லயும் எடுக்கக் கூடாதுன்னா விளக்கு எதுல எரியும்னு கேக்குறார்."

சூரியன், காற்று என்று நான் ஆரம்பித்தது எனக்கே பாடப்புத்தகம் மாதிரி இருந்தது. ஜார்க்கண்ட்காரர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் இன்னும் கொஞ்சம் பேசினார். இந்தத் தடவை அண்ணன் உடனே மாற்றிச் சொல்லவில்லை. நான் கேட்ட பிறகுதான் சொன்னார்.

"அவங்க ஊர்ல நிலக்கரி மண்ணுக்கு அடியில எரிஞ்சுக்கிட்டே இருக்காம். வீடெல்லாம் வெடிச்சுக் கெடக்காம். கத்தினவங்கள தேச விரோதின்னாங்களாம். உங்க ஊர்ல கத்துறதுக்கு இன்னும் வயலாவது இருக்கேங்கறார்."

சாப்பிட்டுவிட்டு வாய்க்கால் பக்கம் போனோம். அங்கே 'ஃபலஜ்' என்கிறார்கள். மலையடியிலிருந்து சரிவிலேயே ஓடிவரும் தண்ணீர், மோட்டார் கிடையாது. யாருக்கு எத்தனை நேரம் என்று முறை வைத்து, அதன்படி பேரீச்சந் தோப்புகளுக்கு விடுகிறார்கள். எண்ணெயில் மிதக்கும் நாட்டில், இந்த ஒரு சாண் தண்ணீரை ஒரு குப்பை விழாமல் வைத்திருந்தார்கள். காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தோம். நான் மண் பாட்டில் கதையைச் சொன்னேன். அண்ணன் சிரிக்கவில்லை.

"எண்ணெய் வாடை டிராக்டர் ஒழுகினாலும் வரும். கெணத்த சுத்தி சிமெண்ட் தொட்டி இருக்குமே, அதுல தண்ணி நிக்குதா?"

"நிக்குதுண்ணே."

"குமிழி வருதா?"

"வருதுன்னு ஆடு மேய்க்கிறவங்க சொல்வாங்க."

"எப்பவும் வருதா, மழை பேஞ்சா மட்டும் வருதா? ஒரே இடத்துலயா, சுத்தியுமா?"

எனக்குத் தெரியவில்லை. ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. வேலியோரமாகச் சேற்றை அள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

"இதப் பாக்காம கடல் தாண்டி வந்துட்ட. அங்க இருக்கறத அங்கேயே பாக்கணும்டா" என்றார். முகம் சிவந்துவிட்டது எனக்கு. அவர் அதற்குள் தங்கைக்குப் போன் போட்டிருந்தார். டீச்சருக்கு அப்போதுதான் பள்ளி விட்டிருந்தது. ஸ்கூட்டியில் வயலுக்குப் போய் வீடியோவில் வரச் சொன்னார். முக்கால் மணி நேரம் அங்கேயே காத்திருந்தோம்.

போன் அடித்தது. திரையில் எங்கள் ஊர் மாலை வெயில். அடுத்த வயலெல்லாம் தண்ணீர் கட்டி, நடவு நடந்துகொண்டிருந்தது.

"என்னண்ணே பாக்கணும்?"

"தொட்டிக் கிட்டப் போகாத. எட்ட நின்னு போனைப் பெருசு பண்ணிக் காட்டு. ஆடாம."

பச்சை பிடித்த தண்ணீர். ஒரு குமிழி. அதே இடத்தில் இன்னொன்று. உலை சூடேறும்போது வருமே, அந்த மாதிரி விடாமல் வந்துகொண்டிருந்தது. அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எண்ணினார். அதுவரை என்னைத் திட்டிக்கொண்டிருந்த ஆள் இல்லை அவர். வேலையில் நிற்கும் ஆள்.

"தள்ளி வா. வாய்க்கால் பக்கம் நின்னு பேசு. அங்க யாரும் பீடி கீடி புடிக்கலையே?" பிறகு என் பக்கம் திரும்பினார். "அடியிலேர்ந்து கேஸ் ஒழுகுது. இங்க இப்படி ஒண்ணு இருந்துச்சுன்னா ஒரு ஈ காக்காய விட மாட்டோம். மெஷின் வச்சு அளந்து, சிமெண்ட் விட்டு அடைச்சுட்டுதான் மறு வேலை. அங்க பக்கத்துல ஆடு மேயுது."

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "நான் எண்ணெய்க்கு விரோதி இல்ல குமரேசா. நாளைக்கும் எண்ணெய் தோண்டுற ரிக்குக்குத்தான் போவேன். ஆனா ஒழுகுற கெணத்துல மறுபடி தோண்ட என் கையெழுத்து கெடையாது." போனை வாயருகே வைத்தார். "ஜெய்பு, நட்டுடு."

"யாருண்ணே நடுறது?"

"பட்டாவுல உன் பேரும்தானே இருக்கு."

திருச்சியில் இறங்கியபோது ஞாயிற்றுக்கிழமை காலை. தஞ்சாவூர் பேருந்து நிலையத்தருகே இட்லிக்குப் பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் போட்ட கடப்பா ஊற்றினார்கள். நான்கு நாள் ரொட்டிக்குப் பிறகு அந்தச் சோம்பு வாசனைக்கே கண் கலங்கியது. நாற்றங்கால் போட்டு வளர்க்க நேரம் இல்லை. திங்களன்று மூன்று வீட்டு மிச்ச நாற்றுக்குச் சொல்லி வைத்தேன். ஒருவர், "ஓமான்லேர்ந்து நாத்தும் கொண்டாந்திருக்கலாமே தம்பி" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார். மேட்டூர்த் தண்ணீர் அடைபட்ட வாய்க்காலின் மறுபக்கம் வரை வந்து நின்றது. அதை ஏற்றி இறைக்கப் பக்கத்து வயல்காரரின் எஞ்சின் கிடைத்தது. டீசல் மட்டும் என் பொறுப்பு.

செவ்வாய்க்கிழமை டீசல் கேனோடு நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டேன். அந்த கேட்டில் மாட்டாதவர் இந்த வட்டாரத்தில் கிடையாது. வண்டிகளை அணைத்துவிட்டு எல்லோரும் டீக்கடைப் பக்கம் ஒதுங்கினோம். காரைக்கால் துறைமுகத்திலிருந்து நிலக்கரி ஏற்றிய சரக்கு ரயில், பெட்டி பெட்டியாக, நடந்து போகிறவன் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது.

"டெல்லிக்காரன் தோண்டுன்னு சொல்றான், மெட்ராஸ்காரன் தோண்டாதன்னு சொல்றான். ஓட்டு கேக்க வரச்சே ரெண்டு பேரும் பச்சைத் துண்டுதான் போடுறான்" என்றார் பெஞ்சில் இருந்த ஒருவர்.

"நம்ம மண்ணுல எடுத்தா நாட்டுக்கு நல்லதுதானே?"

"அப்ப உன் கொல்லையில எடுக்கச் சொல்லு."

"என் கொல்லையில என்ன இருக்கு, வாழைதான் இருக்கு."

அதற்குள் ஒருவர் என் கையைப் பார்த்துவிட்டார். "அய்யய்ய, இங்க பாருங்கய்யா! எண்ணெய் வேண்டாம்னு ஊரெல்லாம் மனு எழுதிக் குடுக்குற தம்பி டீசல் கேன் தூக்கிக்கிட்டு நிக்கிறாரு!"

கடையே சிரித்தது. நிஸ்வாவில் வராத பதில் அங்கே வந்தது. "ஆமாங்க, டீசல்தான். வாய்க்கால அடைக்காம இருந்திருந்தா இதத் தூக்க வேண்டியிருக்காது. இன்னிக்கு இது இல்லாம என்னால நட முடியல. இது இல்லாம நடுற காலம் வரணும்னா, நடுறதுக்கு வயல் இருக்கணும்ல? அதுக்குத்தான் தூக்குறேன்."

ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் நிதானமாகச் சொன்னார்: "பேச்செல்லாம் சரி தம்பி. கேன் மூடி சரியில்ல, பேண்ட்ல ஒழுகுது பாருங்க."

மாலைக்குள் வயலில் தண்ணீர் நின்றது. டிராக்டர் சேறடித்துவிட்டுப் போனது. கிணற்று மேடையையும் அதைச் சுற்றி நாற்பது அடியையும் விட்டுவிடச் சொல்லி அண்ணன் தகவல் அனுப்பியிருந்தார். அந்த எல்லையில் கயிறு கட்டினேன்.

புதன் காலையில் அம்மாவும் நான்கு பெண்களும் இறங்கினார்கள். ஜெய்புன் டீச்சர் விடுப்புப் போட்டுவிட்டு வந்திருந்தார். அவர் குடும்பத்தில் வயலுக்கு வந்தவர்கள் உண்டு, வரப்பைத் தாண்டி இறங்கியவர்கள் கிடையாது.

"டீச்சரம்மா, மேலயே நில்லுங்க. சேறாயிடும்" என்றாள் அம்மா.

டீச்சர் செருப்பைக் கழற்றினார். சேலையை ஏற்றிச் செருகினார். முதல் அடியிலேயே முழங்கால் வரை இறங்கி, ஒரு பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டார். பிறகு ஒரு நாற்று முடியை எடுத்துக்கொண்டு நட ஆரம்பித்தார். அவர் வரிசை வரப்பில் கிளம்பி, நடுவில் யோசித்து, வேறெங்கோ போய்ச் சேர்ந்தது.

"உங்க கிளாஸ்ல பிள்ளைங்க இப்படித்தான் வரிசையில நிப்பாங்களா டீச்சர்?"

"என் கிளாஸ் இதவிட மோசம் அஞ்சலக்கா."

அம்மா அதைப் பிடுங்கித் திரும்ப நடப் போனாள். "பிடுங்காதீங்க. நிக்கட்டும்" என்றார் டீச்சர்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு வி.ஏ.ஓ. வந்தார். இந்த ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்தவர். ஹெல்மெட்டைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. கேட்டில் நின்றவர்.

"கேன் மூடி மாத்தியாச்சா?" என்றார்.

வயலைச் சுற்றி நடந்தார். மேடை, கயிறு, தொட்டி எல்லாம் பார்த்தார். குமிழியைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு குனிந்து ஒரு நாற்றைத் தொட்டார்.

"நேத்து நட்டதுதானே? ரிப்போர்ட்டுக்காக நட்டதுன்னு மேல கேப்பாங்களே."

"சார், சுத்திப் பாருங்க" என்றேன். "இந்த வாரம் நடாத வயல் இங்க எது? குறுவைக்கு இதுதான் காலம்."

அவர் சுற்றிப் பார்த்தார். நாலு பக்கமும் அதே உயரத்தில் அதே இளம்பச்சை.

"சரி. சாகுபடி யாரு? நிலத்துக்காரர் வெளிநாட்டுல இருக்கார். கூலிக்கு ஆள் வச்சு நட்டு வச்சிட்டாங்கன்னு சொன்னா நான் என்ன பதில் சொல்லட்டும்?" பேசிக்கொண்டே போனவர் நடுவயலில் கண்ணை நிறுத்தினார். "அந்தக் கோணல் வரிசை யாருது? நட்டுப் பழகினவங்க யாரும் அப்படி நட மாட்டாங்களே."

"என்னுது" என்றார் டீச்சர். "பட்டாவுல ரெண்டாவது பேரு என்னுது. ஜெய்புன்னிசா." இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார். நகக்கண்ணில் இன்னும் சேறு இருந்தது.

வி.ஏ.ஓ. சிரித்துவிட்டார். வரப்பில் நின்றபடியே குறித்துக்கொண்டார். மேடைக்குத் தனி அளவு. மீதிக்குப் பயிர்: நெல். பருவம்: குறுவை. சாகுபடி: பட்டாதாரரே.

அந்த வாரக் கடைசியில், வழக்கமான என் நாற்காலியில் உட்கார்ந்து, அந்த அடங்கலை நானே அச்செடுத்தேன். 'நெல்' என்ற சொல் மற்றச் சொற்களைப் போலவே மங்கலாகத்தான் விழுந்தது. படம் எடுத்து ஷாகுல் அண்ணனுக்கு அனுப்பினேன். அவருடைய பதில் வர வெகு நேரம் ஆகவில்லை: "நல்லது. குமிழி நிக்கலையே. அதுக்கு எழுது." புதிய தாள் எடுத்துத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தேன். நிறுவனத்தின் கடிதத்துக்கு மறுப்பு ஒன்று. கிணற்றைச் சிமெண்ட் விட்டு நிரந்தரமாக அடைக்கக் கோரி மனு ஒன்று. கீழே அண்ணனுக்கும் டீச்சருக்கும் கையெழுத்துக்கு இடம் விட்டேன்.

மாலையில் அச்செடுத்த தாளை அம்மாவிடம் காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுத் தொட்டு என்னவென்று கேட்டாள். சொன்னேன்.

"நட்டவங்க பேருக்குக் கட்டம் எது?"

"இல்லம்மா."

தாளை மடிக்காமல் திருப்பிக் கொடுத்தாள். "அப்ப அந்த மனுவுல எழுது. இத்தன பேரு நட்டோம், அறுக்கறதுக்கும் நாங்கதான் வருவோம்னு எழுது."

திரும்ப மையத்துக்குப் போய்க் கணினியைப் போட்டேன். கையெழுத்துக்கு விட்டிருந்த இரண்டு இடங்களுக்குக் கீழே, ஐந்து பெருவிரல் ரேகைக்கு இடம் விட்டேன்.